இருநூற்றுப் பதினான்காவது சோதனை

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு நான் அந்த வார்டுக்குள் நுழைந்தேன். தோளில் லேப்டாப் பை, கையில் பிரிக்காத டப்பாவில் ஒரு புதுக் கேமரா. மூன்றாவது மாடி, கடைசி அறை. பழைய கட்டடம். தாழ்வாரத்தில் ஒரு தரைக்கல் பெயர்ந்திருந்ததால், சக்கரக் கட்டில் எது போனாலும் அந்த இடத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மருந்தும் ஈரத் துணியும் கலந்த வாடை. வெளியே நல்ல வெயில். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நடந்தது அத்தனையும் பட்டப்பகலில் நடந்தது. பயப்படுவதற்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன்.

படுத்திருந்தது என் அக்கா. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். இருபது வருடம், மற்றவர்கள் சொன்னதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் எழுதியவள். அவளுக்குத்தான் அந்த வியாதி வர வேண்டுமா? முதலில் விரல்கள் போயின. பிறகு கால், பிறகு நாக்கு. இப்போது மீந்திருப்பது கண்மணி மட்டும். இமைகூட அவள் பேச்சைக் கேட்பதில்லை. பாதி மூடியபடி கிடக்கும்.

"வந்துட்டியா?" என்று மாமா எழுந்தார். அக்காவின் கணவர். எட்டு நாள் தாடி. "புதன்கிழமை பத்து மணிக்கு டாக்டர் கேக்கப் போறாருடா. அதுக்குள்ள இவளப் பேச வச்சிடுவியா?"

கேள்வி இதுதான். அக்காவின் நெஞ்சுத் தசை களைத்துவிட்டது. தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷின் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கலாம், ஆனால் இப்படியே. வேண்டாம் என்றால் சில நாட்கள். வைப்பதா, வேண்டாமா? அவளே சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். சொல்ல முடியாவிட்டால் மாமா கையெழுத்துப் போட வேண்டும்.

"என்னால ஆகாதுடா. எதுல கையெழுத்துப் போட்டாலும் அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார் மாமா.

நாக்கு புரண்ட கடைசி மாதத்தில் அக்கா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள். "எனக்காக யாரும் பேசக் கூடாது. நான் சொன்னதத்தான் எழுதணும். நான் சொல்லாதத எழுதினா அது பொய் சாட்சி." என்ன சொல்லப் போகிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவளைப் பேச வைக்க ஒரு இலவச நிரல் இருந்தது. கேமரா கண்மணியைப் பார்க்கும். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி, கண் போகும் இடத்துக்கெல்லாம் போகும். ஒரு எழுத்தின்மேல் இரண்டு விநாடி நின்றால் அந்த எழுத்து பச்சையாகிப் பதிவாகும். சொல் முடிந்ததும் ஸ்பீக்கர் அதை வாசிக்கும். நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. போன வாரம் கேமரா கீழே விழுந்து நொறுங்கியது. அதே மாதிரிக் கேமரா இப்போது கடைகளில் இல்லை. நான் வாங்கி வந்த புதுசை நிரல் கண்டுகொள்ளவே இல்லை.

நான் கிடங்குகளுக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன். விஷயம் உடனே புரிந்துவிட்டது. பொதுமக்களுக்கு வெளியிட்ட பதிப்பில் இந்தக் கேமராவுக்கு இடமில்லை. ஆனால் அந்த நிரலை உருவாக்குகிறவர்களின் களஞ்சியத்தில், இன்னும் வெளியிடாத மூல நிரலில், மூன்று வாரம் முன்பு சேர்த்திருந்தார்கள். வெளியிட்ட பதிப்பு என்பது இலையில் பரிமாறிய சாப்பாடு மாதிரி. களஞ்சியம் அடுப்படி. எது வெந்தது, எது வேகாதது என்று பார்த்து நாமேதான் இறக்கிக்கொள்ள வேண்டும்.

அடுப்படிக்குள் போனேன்.

ஜன்னல் ஓரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மூல நிரல் முழுவதையும் இறக்கினேன். அதைத் தொகுத்து ஓடும் நிரலாக ஆக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு துணைக் கோப்பு இல்லை என்று நிற்கும், அதைக் கொண்டுவந்து வைத்தால் அது இன்னொன்றைக் கேட்கும். லேப்டாப்பின் விசிறி இரைந்தது. திங்கள் போய்ச் செவ்வாய் மதியமும் வந்துவிட்டது. நர்ஸ் வந்து அக்காவைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும்போது, "என்னங்க, இட்லி வேகுதா அதுல? அனல் அடிக்குது" என்றாள்.

மூன்று மணிக்குத் தொகுத்து முடிந்தது. மிச்சம் சோதனைகள் மட்டும்.

இந்த மாதிரி நிரல்களோடு கூடவே பரீட்சைகளும் வரும். இதில் இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றும் யாரோ ஒரு நோயாளியின் கண் அசைவைப் படம் பிடித்த துண்டு வீடியோவும், அதற்கு வர வேண்டிய பதிலும். அவர் 'பசி' என்று பார்த்திருந்தால் நிரலும் 'பசி' என்று சொல்ல வேண்டும். சொன்னால் பச்சை, சொல்லாவிட்டால் சிவப்பு.

இருநூற்றுப் பதின்மூன்று பச்சை. கடைசி ஒன்று சிவப்பு.

அதன் பெயர் 'காலிக் கட்டில்'. நான்கு நிமிட வீடியோ. பதில் இருக்க வேண்டிய இடம் வெற்று. ஆள் இல்லாத கட்டிலைப் பார்த்தால் நிரல் வாய் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் சோதனை.

நிரல் சொல்லியிருந்தது: 'தண்ணி'.

வெளிச்சம் பட்டதில் எதையோ கண் என்று நினைத்துவிட்டது போல. மறுபடி ஓட்டினேன். அதே வீடியோ, அதே நிரல். அதே பிழை வர வேண்டும்.

'ஃபேனைக் கொஞ்சம் குறைங்க.'

ஒரே வீடியோவுக்கு இரண்டு பதில் வரவே வராது. பதினாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன், வராது.

வீடியோவைத் திறந்தேன். சின்ன அறை, இரும்புக் கட்டில், மடித்து வைத்த போர்வை. சுவரில் ஒரு மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. தலையணையின் நடுவில் ஒரு குழி. தலை இருந்து எழுந்து போன குழி. நான்கு நிமிடமும் வேறு எதுவும் இல்லை. எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது.

மூன்றாம் முறை ஓட்டினேன்.

'யாருங்க அது?'

பயம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். எரிச்சல்தான் வந்தது. மணி நாலு. மறுநாள் பத்து மணிக்கு டாக்டர் வருகிறார். களஞ்சியத்தைப் பராமரிக்கிற பெண்ணுக்கு ஒரு வரி எழுதிப் போட்டேன். அங்கே அவளுக்குப் பெயர் கிடையாது, 'குருவி' என்ற பட்டம்தான். 'கடைசிச் சோதனை தோற்கிறது, வெற்றுக் கட்டிலுக்கு ஏதேதோ சொல்கிறது, என்ன செய்ய?' அவள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாளோ, பதில் இல்லை.

அப்புறம் எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு நாளாவது செய்திருக்கும் காரியத்தைச் செய்தேன். அந்தச் சோதனையின் வரிக்கு முன்னால் ஒரு சின்னக் குறி போட்டேன். குறி போட்டால் அந்த வரி இல்லாத மாதிரி. மறுபடி ஓட்டினேன். இருநூற்றுப் பதின்மூன்றுக்கு இருநூற்றுப் பதின்மூன்று. எல்லாம் பச்சை.

புதுக் கேமராவை அக்காவின் முகத்துக்கு நேரே பொருத்தினேன். திரையில் புள்ளி வந்து துடித்தது. பிறகு நிதானமாக எழுத்தெழுத்தாக நகர்ந்தது.

"டேய் வாலு, முடி வெட்டுடா. கரடி மாதிரி இருக்க" என்றது ஸ்பீக்கர்.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். வாலு என்று என்னைக் கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"நாளைக்கு என்ன சொல்லப் போற, சொல்லிடேன்" என்று மாமா கெஞ்சினார்.

"நாளைக்கு" என்றாள் அக்கா.

*

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா தூங்கிவிட்டாள். அரைகுறையாக மூடிய இமைக்குக் கீழே வெள்ளை மட்டும் தெரிந்தது. மாமா குளிக்கப் போயிருந்தார்.

"தம்பி."

ஸ்பீக்கர்தான். திரையைப் பார்த்தேன். புள்ளி இல்லை. கண் கிடைக்காதபோது நிரல் புள்ளியைக் காட்டாது.

"தம்பி, இன்னைக்கு கேக்கறாங்களா?"

அக்காவின் மேல் குனிந்தேன். மூச்சு மெல்ல ஏறி இறங்கியது. தூக்கம்தான்.

"அக்கா?" என்றேன், அடிக்குரலில்.

தாழ்வாரத்தில் 'கடக்' என்று ஒரு கட்டில் போயிற்று. அறையில் திடீரென்று ஒரு வாடை. இரும்பும், நாள்பட வியர்த்த தலையணையும் சேர்ந்த வாடை.

"எங்கிட்ட கேக்கவே இல்லைங்க."

நான் ஸ்பீக்கரின் கம்பியைப் பிடுங்கினேன். பிறகு மணியைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம். இந்த நிரலை விட்டால் அக்காவுக்கு வேறு வாய் கிடையாது. தூக்கத்தில் கண்மணி ஓடியிருக்கும், நிரல் பழைய சொற்களை உளறியிருக்கும் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கம்பியைத் திரும்பச் சொருகினேன். அந்தக் காரணத்தை நான் நம்பவில்லை. நம்ப வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார், கூட ஒரு நர்ஸ், சாட்சிக்கு ஒரு அலுவலர். மூவரும் மாமாவும் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். திரை அக்காவைப் பார்த்து இருந்ததால் அவர்களுக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரியும். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

திரையில் இரண்டு பெட்டிகள். வலது பக்கம் 'வேணும்', இடது பக்கம் 'வேண்டாம்'.

"அவசரம் இல்லம்மா" என்றார் டாக்டர். "மூணு விதமா கேப்பேன். மூணும் ஒத்துப்போனாதான் எழுதுவேன். மூச்சு மெஷின் வைக்கட்டுமா?"

புள்ளி அசைந்தது. நடுவிலிருந்து இடது பக்கம் போயிற்று. தயக்கமே இல்லை. 'வேண்டாம்' பெட்டியின்மேல் நின்றது. இரண்டு விநாடி. பெட்டி பச்சையானது.

ஸ்பீக்கர் சொன்னது:

"வேணும்."

மாமா வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் தலையசைத்து எழுதினார். "சரி. இப்ப மாத்திக் கேக்கறேன். மெஷின் எதுவும் வைக்காம, வலி தெரியாம மட்டும் பாத்துக்கட்டுமா?"

கேள்வி தலைகீழ். அக்கா சட்டென்று வலது பக்கம் போனாள். 'வேணும்' பச்சையானது. அவள் கண்மணி விரிந்திருந்தது. அவ்வளவு விரிந்து நான் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது.

"வேண்டாங்க. மெஷின்தான் வேணும்."

அப்படி ஒரு வாக்கியம் திரையில் எங்குமே இல்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். புள்ளி என் பக்கமாகத் திரையின் விளிம்புவரை வந்து, மறைந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டும். 'டாக்டர், நிறுத்துங்க, திரையில வேற காட்டுது' என்று ஐந்தே சொல். அக்காவுக்கு வாய் இல்லை, எனக்கு இருந்தது. ஆனால் ஸ்பீக்கர் சொன்னதைத்தான் நானும் கேட்க ஆசைப்பட்டேன். என் அக்கா செத்துப்போகக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. முந்தின நாள் ஒரு வரிக்கு முன்னால் குறி போட்டவனுக்கு, அன்று வாயை மூடிக்கொள்வது பெரிய காரியமாக இல்லை.

"கடைசியா ஒண்ணு கேக்கறேம்மா. உங்க விருப்பத்த உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க" என்றார் டாக்டர்.

புள்ளி எழுத்துப் பலகையில் தடுமாறி ஓடியது. 'இ', 'து', 'நா', 'ன்', 'இ'...

"உயிரோட இருக்கணுங்க" என்றது ஸ்பீக்கர், அவள் முடிப்பதற்குள். "எவ்வளவு நாளானாலும் சரி."

டாக்டர் பேனாவை மூடினார். மாமா அக்காவின் பாதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "போதும்டி, இது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

*

நாலு மணிக்கு அக்காவை ஆபரேஷனுக்குக் கொண்டு போனார்கள். நான் தாழ்வாரத்து பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குருவியின் பதில் அப்போதுதான் வந்தது.

'வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்த வீடியோவில் இருப்பது என் அப்பாவின் கட்டில். இந்த நிரலை முதலில் எழுதியவர் அவர்தான், கை ஓடிய வரை. கண்ணால் பேசும் பகுதியை முடிப்பதற்குள் அசைவு முழுக்க நின்றுவிட்டது. மெஷின் வைக்கவா என்று டாக்டர் கேட்டபோது அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். அவர் போன மறுநாள் அந்தக் கட்டிலைப் படம் பிடித்துச் சோதனையாகச் சேர்த்தேன். அங்கே யாரும் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. அது எதையாவது பேசினால் அந்தத் தொகுப்பைத் தயவுசெய்து யாருக்கும் பொருத்தாதீர்கள். போன மாதம் என்னிடமும் பேசியது. அதனால்தான் வெளியிடாமல் வைத்திருக்கிறேன்.'

அதன் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, இன்னொரு வரி.

'என்ன சொன்னார்?'

விரல் தானாகப் போய் அந்தக் குறியை அழித்தது. சோதனைகள் அனைத்தையும் ஓட்டினேன். ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்துகொண்டே வந்தது. இருநூற்றுப் பதின்மூன்று. கடைசிச் சோதனைக்கு நான்கு நிமிடம் ஆகும். காத்திருந்தேன்.

பச்சை.

எதுவும் சொல்லவில்லை. மறுபடி ஓட்டினேன். மௌனம். மூன்றாம் முறையும் மௌனம்.

வீடியோவைத் திறந்தேன். அதே அறை, அதே கட்டில், சுவரில் அதே நிழல்.

தலையணையில் குழி இல்லை.

யாரோ தட்டிச் சரிசெய்து வைத்த மாதிரி உப்பி இருந்தது. நான் லேப்டாப்பை மூடிவிட்டு ஆபரேஷன் அறையின் கதவைப் பார்த்தேன். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தட்டினேன். ஒரு நர்ஸ் தலையை நீட்டி, "முடிஞ்சிருச்சுங்க, நல்லபடியா இருக்காங்க" என்றாள்.

*

வியாழக்கிழமை பதினோரு மணி. அறையில் இப்போது ஒரு புதுச் சத்தம். மெஷின் காற்றை உள்ளே தள்ளும், ஒரு கணம் நிற்கும், வெளியே விடும். அக்காவின் நெஞ்சு அந்தக் கணக்குக்கு ஏறி இறங்கியது. முகத்தில் நிறம் வந்திருந்தது. மாமா சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"கேமராவ வையிடா. என்ன சொல்றான்னு கேப்போம்."

எனக்கு வைக்க மனமில்லை. வைக்காமலும் இருக்க முடியவில்லை. பொருத்தினேன்.

அக்கா விழித்தே இருந்தாள். புள்ளி வந்தது. மிக மெதுவாக, ஒவ்வோர் எழுத்திலும் முழுசாக இரண்டு விநாடி நின்று நகர்ந்தது. ஏ. ன். டா.

திரையில் அந்தச் சொல் நின்றது. 'ஏன்டா'.

"ரொம்ப நன்றிங்க, தம்பி" என்றது ஸ்பீக்கர்.

மாமா சிரித்துவிட்டார். "என்னடி இது, இவனுக்குப் போய் மரியாதையெல்லாம் பலமா இருக்கு!"

அக்காவின் கண் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. மாமா அதைத் துடைத்துவிட்டார், சந்தோஷக் கண்ணீர் என்று. புள்ளி மறுபடி கிளம்பியது. ஏ. ன்.

என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. கேமராவின் கம்பியைப் பிடித்தேன்.

"அதைக் கழட்டிடாதீங்க" என்றது ஸ்பீக்கர், அதே பணிவான குரலில். "அப்புறம் அவங்க எப்படிப் பேசுவாங்க?"

மாமாவின் சிரிப்பு நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு கட்டிலைச் சுற்றி நடந்து வந்து, முதல் முறையாகத் திரைக்கு முன்னால் குனிந்தார்.